மந்தபுத்திக்காரி எழுதிய உரை

பாஸ்டன்,
1872 செப்டம்பர் 9

அன்புள்ள அக்ஸா,

தொண்டை கட்டிப்போய் மூன்று நாளாக வெந்நீரும் தேனுமாக இருக்கிறேன். வொர்செஸ்டர் கூட்டத்துக்கு அறுநூறு பேர் வந்திருந்தார்கள். உட்கார இடமில்லாமல் ஆண்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். முடிந்ததும் ஒரு கிழவி மேடைக்கு ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வார்த்தை உனக்கு எங்கேருந்தும்மா வருது?" என்று கேட்டாள். "மனசுலேருந்துதான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

இப்போது வேலை. நவம்பர் ஆறாம் தேதி மான்ட்பிலியரில் நம் மாநிலச் சட்டமன்றக் குழு முன்னால் தாய்மார் மசோதா பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். புருஷன் செத்துப்போனால் பிள்ளைகள் தாயிடமே இருக்க வேண்டும், கோர்ட் அவர்களைப் பிடுங்கி ஆண்கள் கையில் கொடுக்கக் கூடாது என்ற மசோதா. பதினோரு வருஷம் நாம் இதற்காகத்தான் பாடுபட்டோம். குழுத் தலைவர் செனட்டர் லெமுவெல் கிரான்டல். எழுபத்துநான்கு வயது, பெண்கள் பேசினாலே காது கேட்காது. அந்தக் கிழவனைக் கரைக்கிற மாதிரி எழுது. நாற்பது நிமிஷம். போன தடவை மாதிரி கோணலாக எழுதாதே, மேடையில் விளக்கு மங்கல்.

ஓரின் வந்து ஒரு காகிதம் காட்டியிருப்பான். பதறாதே. அது வெறும் சம்பிரதாயம்.

உன் அக்கா,
ஃபிலீனா

*

டன்மோர்,
செப்டம்பர் 20

அக்கா,

உன் சம்பிரதாயம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் ஆப்பிள் அறுத்துக்கொண்டிருந்தேன். மாமா மகன் ஓரின் தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நிதானமா கேளு அக்ஸா. வீடு, மேய்ச்சல், ஆட்டுக்கொட்டகை எல்லாம் இப்போ என் பேர்ல. நீ பின்னறையில இருந்துக்கலாம். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல."

"எ... என் பங்கு?" என்றேன்.

"உன் பங்குக்கு உங்கக்காதானே காப்பாளர். ஜூன் மாசமே கோர்ட்ல ஆர்டர் வாங்கிட்டா. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஜூன் மாதம் திரைச்சீலைக்குத் துணி எடுக்கலாம் என்று நீ என்னை டவுனுக்கு அழைத்துப் போனது தெரியும். வழியில் ஒரு நீதிபதியின் அறையில் ஒரு நிமிஷம் உட்காரச் சொன்னது தெரியும். அவர் என்ன வருஷம் என்று கேட்டார். நான் "ஆ... ஆயிரத்து" என்று தொடங்குவதற்குள் பேனாவை எடுத்துவிட்டார். நீ என் தோளைத் தடவிக்கொண்டிருந்தாய். கூச்சம் போகத் தடவுகிறாய் என்று நினைத்தேன்.

ஓரின் காகிதத்தை மேஜையில் வைத்தான். என்னால் வாசிக்க முடியும் என்பதே அவனுக்கு ஆச்சரியம். 'மேற்படி அக்ஸா பெல்டிங், வயது முப்பத்தெட்டு, பிறவியிலேயே மந்தபுத்தி உடையவர். தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் அறிவு அற்றவர்.' கீழே உன் சத்தியம், உன் கையெழுத்து.

இந்த மாதம் நீ வொர்செஸ்டரில், 'சொந்தக் கூரை இல்லாத பெண்கள் வாழும் நாடு குடியரசு ஆகாது' என்று முழங்கியபோது அறுநூறு பேர் எழுந்து நின்றிருப்பார்கள். அதை நான் சமையலறையில் மாவு பிசைந்த கையோடு எழுதினேன். எழுதியவளின் கூரையை விற்றுவிட்டு அதைப் பேசியிருக்கிறாய்.

உரை கிடையாது. உன் மனதிலிருந்து எடுத்துக்கொள்.

அக்ஸா

*

பாஸ்டன்,
செப்டம்பர் 28

அக்ஸா,

உன் கடிதத்தை இரண்டு முறை கிழிக்கப் பார்த்தேன்.

கூட்டம் நடத்த மண்டப வாடகை யார் தருகிறார்கள் என்று நினைத்தாய்? கைதட்டுகிறவர்கள் தருவதில்லை. இந்தக் கோடையிலேயே எல்லாம் நின்றுபோயிருக்கும். உன் பங்கு இல்லாமல் ஓரின் என் பங்கை மட்டும் வாங்க மாட்டேன் என்றான். உன்னிடம் கேட்டால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். அதனால் கேட்கவில்லை. நான் செய்தது அழகான காரியம் என்று சொல்லவில்லை.

நீ எழுதினாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆல்பனியில் அழுகின முட்டை யார் மேல் விழுந்தது? யூட்டிகாவில் என் கண்ணுக்கு மேல் நான்கு தையல் போட்டபோது நீ எங்கே இருந்தாய்? கதகதப்பான அடுப்படியில் இருந்தாய். ரயில் நிலையத்து பெஞ்சில் தூங்கியவள் நான். உன் வார்த்தைக்கு ஒரு உடம்பு தேவைப்பட்டது, என்னுடையதைக் கொடுத்தேன். உன்னால் உன் பெயரைக்கூட ஒரே மூச்சில் சொல்ல முடியாது. நீதிபதியிடம் நான் பொய்யை அவிழ்த்துவிட வேண்டியிருக்கவில்லை. அவர் கேட்டார், நீ பதில் சொன்னாய், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காப்பாளர் என்ற முறையில் உன்னைக் கவுண்டி ஏழைகள் விடுதியில் சேர்க்கவும் சட்டம் எனக்கு இடம் தருகிறது. அங்கே காகிதமும் பேனாவும் தர மாட்டார்கள். அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதே.

என்மேல் கோபம் என்றால் மசோதாவை நினை. பிள்ளைகளைப் பறிகொடுத்த நம் ஊர் ரொவீனா டட்டிலை நினை. உரை அக்டோபர் கடைசிக்குள் வேண்டும்.

ஃபிலீனா

*

டன்மோர்,
அக்டோபர் 12

அன்புள்ள அக்கா,

நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். பின்னறை அப்படியொன்றும் மோசமில்லை. காற்று வருகிறது.

உரை இத்துடன் இருக்கிறது. பதினாறு பக்கம். கோணல் இல்லாமல் எழுதியிருக்கிறேன். கிரான்டலைக் கரைக்கச் சொன்னாய். அவர் மனதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் எழுதினேன். முக்கியமாகப் பதினோராம் பக்கம். அங்கே அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசு. ஒரு சொல்லையும் மாற்றாதே.

தேன் குடி. தொண்டையைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
அக்ஸா

*

பாஸ்டன்,
அக்டோபர் 20

என் செல்லத் தங்கைக்கு,

இதுவரை நீ எழுதியதிலேயே இதுதான் சிறந்தது. பதினோராம் பக்கத்தை அறையில் சத்தமாக வாசித்தேன். கீழ்வீட்டுக்காரி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாளாம். உன் நடை கொஞ்சம் மாறியிருக்கிறது, ஆண்பிள்ளை மாதிரி கம்பீரமாக. மசோதா நிறைவேறியதும் ஓரினிடம் பேசி உனக்கு முன்னறையையே வாங்கித் தருகிறேன்.

ஃபிலீனா

*

மான்ட்பிலியர்,
நவம்பர் 9

அடி பாவி,

மூன்று நாள் பொறுத்து எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. கிரான்டல் கண்ணை மூடி, கைத்தடி மேல் தாடையை வைத்துத் தூங்குகிற மாதிரி இருந்தார். பத்துப் பக்கம் வரை என் குரலைத் தவிர அங்கே ஒரு சத்தமும் இல்லை. பதினோராம் பக்கம் வந்தது. நீ சொன்னபடி அவர் முகத்தைப் பார்த்தேன். 'ஒருவர் தன் கையால் ஊட்டி வளர்த்ததை அவரிடமிருந்து பறிக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை. அப்படிப் பறிக்கும் அரசு' என்று சொல்லி, நீ குறித்திருந்தபடி மூச்சு வாங்க நிறுத்தினேன்.

கிழவர் கண்ணைத் திறந்தார். "'தன் வீட்டுக் கதவைத் தானே உடைக்கும் திருடன்.' அப்படித்தானே முடியுது, மிஸ் பெல்டிங்?"

குனிந்து பார்த்தேன். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.

"தொடருங்க. மறந்துட்டா நானே எடுத்துக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவரே அடுத்த பத்தியைச் சொன்னார். வார்த்தை பிசகாமல் ஒரு முழுப் பக்கம். பிறகு மற்ற உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். "இருபத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி வைக்கோல் வண்டி மேல ஏறி நின்னு நான் பேசினது இது. ஆட்டு வரியை எதிர்த்து. நான் ஆட்டுக்குப் பேசினதை இந்தம்மா புள்ளைங்களுக்குப் பேசறாங்க."

சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. கடைசி வரிசையில் ஒருவன் ஆடு மாதிரி கத்தினான். கிரான்டல் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். "சொந்தமா ஒரு வாக்கியம்கூட இல்லாதவங்க புள்ளைங்களைக் கேட்கறாங்க. நாளைக்கு ஓட்டையும் கேட்பாங்க" என்று அமைதியாகச் சொன்னார்.

மசோதா இரண்டு ஓட்டில் தோற்றது. அந்த இரண்டு பேரும் காலையில் என்னிடம் வாக்குக் கொடுத்தவர்கள்.

அப்பாவின் பரண் மேல் கிடந்த பழைய செய்தித்தாள்களில் தேடி எடுத்தாய், இல்லையா? உன்னைச் சும்மா விட மாட்டேன். இதை எழுதியது நீதான் என்று எல்லாப் பத்திரிகைக்கும் சொல்லப் போகிறேன்.

ஃபிலீனா

*

டன்மோர்,
நவம்பர் 16

அக்கா,

சொல்லேன்.

யாரிடம் சொல்வாய்? என்ன சொல்வாய்? 'என் உரையை எழுதியவள் என் தங்கை' என்று சொல்வாய். அவள் யார் என்று கேட்பார்கள். பிறவியிலேயே மந்தபுத்தி உடையவள் என்று நீயே ஜூன் மாதம் பைபிள் மேல் கைவைத்துச் சொல்லியிருக்கிறாய். மந்தபுத்திக்காரி பதினோரு வருஷமாக எழுதிக் கொடுத்ததைத்தான் வாசித்துப் புகழ் வாங்கினேன் என்று சொல்வாயா? இல்லை, அவளுக்குப் புத்தி இருக்கிறது என்று சொல்வாயா? அப்படிச் சொன்னால் நீ சொன்னது பொய்ச் சத்தியம். ஓரினுக்கு விற்றது செல்லாது. என் பங்கை எடுத்துத் தின்றவள் என்று உன்னைக் கோர்ட்டில் நிறுத்துவேன்.

அதனால் ஒன்று செய். உரையை நீதான் எழுதினாய் என்று சொல்லிவிடு. கிழவனிடம் திருடியவள் என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

என்னை இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு என் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் அறிவு கிடையாது. கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

ஆமாம், பரணில்தான் கிடைத்தது. ஒன்பது நாள் தேடினேன். வாய் திக்குகிறவளுக்குப் பொறுமை அதிகம். ஒருவன் ஆடு மாதிரி கத்தியதை நீ எழுதியிருந்த இடத்தை நான்கு தடவை வாசித்தேன். இத்தனை வருஷமாக உன் மேடையை நான் மனதில்தான் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு தடவை நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

அக்ஸா

*

பாஸ்டன்,
நவம்பர் 30

அக்ஸா,

ஸ்ப்ரிங்ஃபீல்ட், ஹார்ட்ஃபர்ட், பிராவிடென்ஸ் மூன்று ஊரிலும் கூட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். பெண்கள் சங்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். தெருவில் பிள்ளைகள் என்னைப் பார்த்து ஆடு மாதிரி கத்துகின்றன. நீ கேட்டது கிடைத்துவிட்டது. நான் உனக்குப் பதில் சொல்ல முடியாது என்பதும் உண்மைதான். நன்றாகத்தான் பூட்டியிருக்கிறாய்.

ஆனால் ஒன்றை உனக்கு நான் எழுதவில்லை. உன் தலையில் இறங்கட்டும் என்று இப்போது எழுதுகிறேன்.

அன்று மண்டபத்து மேல்மாடத்தில் ரொவீனா டட்டில் இருந்தாள். கம்பளி வியாபாரி வண்டியில் இரண்டு நாள் பயணம் செய்து வந்திருந்தாள். அவள் புருஷன் செத்த பிறகு மூன்று பிள்ளைகளையும் கோர்ட் அவன் தம்பியிடம் கொடுத்ததும், அவன் அவர்களை ஆளுக்கொரு பண்ணையில் வேலைக்கு விட்டதும் உனக்குத் தெரியும். நீதான் அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தாய். கூட்டம் கலைந்த பிறகு படியிறங்கி வந்தாள். எல்லோரும் என்னைச் சுற்றி நின்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எதுவும் விளங்கவில்லை.

"அம்மா, எல்லாரும் சிரிச்சாங்களே, நல்லா பேசினீங்கன்னுதானே?" என்றாள்.

இல்லை, தோற்றுவிட்டது என்றேன்.

"அப்போ என் புள்ளைங்க?"

நீ அவளுடைய ஊர்க்காரி. நீ சொல்.

ஃபிலீனா

*

டன்மோர்,
டிசம்பர் 22

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ரொவீனா வருவாள் என்று தெரியும். கதவைத் தாழிட்டுக்கொண்டு இருந்தேன். நேற்று பின்பக்கமாக வந்துவிட்டாள். கையில் துணி சுற்றிய ரொட்டி.

"உங்கக்காவை ஊரே திட்டுது. அந்தக் கிழவன் பேச்சு எப்படி அதுக்குள்ள வந்துச்சு? உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல நான் திக்க வேண்டியிருக்காது. தலையசைத்தால் போதும். ஆனாலும் சொன்னேன். "நா... நான் எழுதினது."

"தெரிஞ்சேவா?"

"தெ... தெரிஞ்சே."

"என் புள்ளைங்க விஷயம்னு தெரிஞ்சேவா?"

அவள் பிள்ளைகளை நான் நினைக்கவில்லை. உண்மை அதுதான். பதினோராம் பக்கத்தை எழுதியபோது உன் முகத்தைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. உன் கடிதத்தில் அவள் பெயரை நீ எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

ரொட்டித் துணியின் முடிச்சை இறுக்கினாள். பிறகு சொன்னாள்: "உனக்குப் புத்தியில்லைன்னு கோர்ட்ல சொன்னதா ஊர்ல பேசினப்போ, அது பொய்னு வீடு வீடா சொல்லிட்டுத் திரிஞ்சவ நான். நிஜமாவே புத்தியில்லாதவளா இருந்திருக்கலாம் நீ. உன்னை வெறுக்காம இருந்திருப்பேன்."

ரொட்டியை எடுத்துக்கொண்டே போய்விட்டாள்.

உன்னை எரித்ததற்கு நான் வருந்தவில்லை. நீ என்ன நினைத்தாலும் அதை மாற்றி எழுத மாட்டேன். ஆனால் அந்த நெருப்பில் அவளும் நின்றாள். நீயும் அதை நவம்பர் முழுக்க மறைத்து வைத்திருந்து, எனக்கு வலிக்கும் என்று தெரிந்த நாளில் அனுப்பினாய். நாம் இரண்டு பேரும் ஒரே அப்பனுக்குப் பிறந்தவர்கள்தான்.

மார்ச் மாதம் கவுண்டி கோர்ட்டில் ரொவீனாவின் மனு மறுபடி வருகிறது. மசோதா இல்லை, வக்கீல் இல்லை. யாராவது அவளுக்காகப் பேச வேண்டும். மந்தபுத்திக்காரி பேச முடியாது, கையெழுத்தும் போட முடியாது. சட்டப்படி எனக்குப் புத்தி வேண்டும். அதை எடுத்தவள் நீ. நீதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். சத்தியம் செய்து, பெயர் போட்டு, பத்திரிகையிலும் போட்டு. அது உன்னை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அக்ஸா

*

பாஸ்டன்,
1873 ஜனவரி 27

அக்ஸா,

செய்துவிட்டேன். நோட்டரி ஒரு இளைஞன். ஜூன் மாதச் சத்தியத்தை வாசித்துவிட்டு, "எது பொய், மேடம்? அப்போ சொன்னதா, இப்போ சொல்றதா?" என்று கேட்டான். "அப்போ" என்றேன். எழுதிக்கொண்டான். அந்த ஒரு வார்த்தையை ஆயிரம் பேர் முன்னால் பேசியதைவிட மெதுவாகச் சொன்னேன்.

பொய்யை ஒப்புக்கொள்ளும் பத்திரத்தை நானே எழுத நினைத்தேன். மூன்று நாள் ஆயிற்று. இரண்டு வரிக்கு மேல் நிற்கவில்லை. கடைசியில் நோட்டரியே எழுதினான். நீ இதை அறிந்து மகிழ்வாய் என்பதால் சொல்கிறேன்.

பத்திரிகையில் வந்துவிட்டது. திருடி என்றவர்கள் இப்போது பொய்ச் சத்தியக்காரி என்கிறார்கள். அபராதம் போட்டிருக்கிறார்கள். அறைச் சாவியை மாதக் கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீதிபதி உன் காப்பாளர் உத்தரவை ரத்து செய்து ஓரினுக்கும் ஆள் அனுப்பியிருப்பார்.

இப்போதும் சொல்கிறேன், முட்டை விழுந்தது என் மேல்தான். அதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வரலாமா?

ஃபிலீனா

*

டன்மோர்,
மார்ச் 24

அக்கா,

பதில் தாமதம். மனு முடியட்டும் என்று இருந்தேன்.

ஜூன் மாதம் என்னிடம் வருஷம் கேட்ட அதே நீதிபதி. ரொவீனா தன் சார்பில் நான் பேச வேண்டும் என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, அவரிடம்தான் கேட்டாள். வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் அவர் அனுமதித்தார் என்று நினைக்கிறேன். நான் எழுதியதை உன் குரலில் வாசித்தால் பத்து நிமிஷம். எனக்கு ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. பின்னால் சிரித்தார்கள். ஒருவன் என் வாக்கியங்களை எனக்கு முந்தி முடித்துக் கொடுத்தான். அவன் முடித்தது தவறு. ஒவ்வொரு தடவையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். நான்காவது தடவைக்குப் பிறகு அவன் வாயை மூடிக்கொண்டான். நீதிபதி கடிகாரத்தைப் பார்ப்பதை எப்போது நிறுத்தினார் என்று கவனிக்கவில்லை. நிறுத்தியிருந்தார்.

நீ இத்தனை வருஷம் இதைச் செய்தாய் என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குமேல் உன்னைப் பற்றி அன்று நினைக்கவில்லை.

கடைசிப் பிள்ளை லோயிஸைத் தாயிடம் கொடுத்தார். ஆறு வயது. பையன்கள் இருவரையும் கொடுக்கவில்லை. இருபத்தொரு வயது வரை பண்ணையில்தான். மசோதா இருந்திருந்தால் மூவரும் வந்திருப்பார்கள். அந்த இரண்டு பையன்களும் என் கணக்கில் இருக்கிறார்கள். உன் கணக்கிலும்.

திரும்பும்போது ஒரே வண்டியில்தான் வந்தோம். ரொவீனா என்னோடு பேசவில்லை. லோயிஸ் எங்கள் நடுவில் தூங்கினாள், தலை என் மடிப் பக்கம் சரிந்தது. ரொவீனா அதை நகர்த்தவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஓரின் வீட்டைக் காலி செய்துவிட்டான், நிலம் அவன் கொடுத்த பணத்துக்காக அவனிடம்தான். வீடு முழுக்க இப்போது என் பெயரில், உன் பங்கும் சேர்த்து, நீ தின்றதற்கு ஈடாக. நீதிபதியே அப்படித் தீர்த்தார். நீ வரலாம். பின்னறை உனக்கு. காற்று வருகிறது.

மசோதா அடுத்த வருஷம் அக்டோபரில் மறுபடி வருகிறது. கிரான்டல் இன்னும் தலைவராக இருந்தால் நல்லது. நான் பேசுவேன். நீ முன்வரிசையில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் உட்கார வேண்டும். உன்னைப் பார்த்து ஆடு மாதிரி கத்துவார்கள், என் வாயைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் முடிக்கும் வரை நீ எழுந்து போகக் கூடாது. அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் வா.

உன்னை மன்னிக்கவில்லை. வாசலில் நின்று அழ வேண்டாம், லோயிஸ் பயந்துவிடுவாள். ரொவீனாவும் அவளும் இப்போது என்னோடுதான், முன்னறையில் இருக்கிறார்கள்.

வியாழக்கிழமை ரயில் இரண்டு மணிக்கு. வண்டி அனுப்ப மாட்டேன். நடந்து வா.

அக்ஸா பெல்டிங்